தூரத்துக் குளிருக்கு ஒரு தொப்பி: இரண்டு ஊசியில் பின்னப் பழகுவோருக்கான செய்முறை

மார்கழி மழை நாட்கணக்கில் பெய்தாலும் மட்டக்களப்பில் எவருக்கும் கம்பளித் தொப்பி தேவைப்படுவதில்லை. ஆயினும் ரொறன்ரோவிலும் சுவிற்சர்லாந்திலும் உறவுகள் இருக்கிற வீடுகள் இங்கே ஏராளம் என்பதால், தன் கையால் ஒன்று பின்னி அனுப்ப வேண்டும் என்கிற ஆசை பலருக்கு உண்டு. அளவு பார்க்கத் தலையும் அருகில் இல்லை, போட்டுப் பார்க்கக் குளிரும் இல்லை என்பதால், ஊசியை எடுப்பதற்கு முன் போடும் கணக்குத்தான் நமக்குப் பாதி வேலை.

நூலும் ஊசியும்

நடுத்தரத் தடிப்புள்ள நூலில் 100 கிராம் உருண்டை ஒன்றும் 5 மில்லிமீற்றர் ஊசிச் சோடி ஒன்றும் போதும். கைத்தறிக்குப் பேர்போன மருதமுனை பக்கத்தில் இருக்கப் பருத்தி நூலில் பின்னினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பருத்தி சாரத்துக்கும் சேலைக்கும் நல்லது, தொப்பிக்கு ஆகாது. அது இழுபட்டு மீளாது, ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆட்டுக் கம்பளியின் இழைகள் இயல்பாகவே சுருண்டிருப்பதால் இடையில் காற்றைப் பிடித்து வைக்கின்றன. சூட்டைக் காப்பது அந்தக் காற்றுத்தான். அக்ரிலிக் நூல் கழுவ இலகுவானது, பழகுவதற்கும் ஏற்றது. ஆனால் அதன்மேல் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்தால் துவண்டுவிடும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் உள்ளங்கை வியர்த்து, அலுமினிய ஊசியில் நூல் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். அதனால் நான் மூங்கில் ஊசிகளையே விரும்புகிறேன். வரிசையை அடையாளம் வைக்க இரும்புச் சட்டைப்பின் குத்த வேண்டாம். நான் அப்படிக் குத்தி இரண்டு வாரம் மறந்துவிட்டேன். கடற்காற்றில் பின் கறளேறி, வெள்ளை நூலில் பழுப்புக் கறை விழுந்தது. வேறு நிற நூல் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டாலே போதும்.

அளவும் கணக்கும்

தொப்பி அணியப்போகிறவரிடம், புருவத்துக்குச் சற்று மேலாகவும் காதுகளுக்கு மேலாகவும் ஒரு நூலைச் சுற்றிப் பிடித்து, அந்த நூலை அடிமட்டத்தில் வைத்து அளந்து சொல்லச் சொல்லுங்கள். பின்னல் இழுபடும் என்பதால் தொப்பி தலையைவிட 6 சென்ரிமீற்றர் சிறிதாக இருக்க வேண்டும்.

அடுத்து, கீழே ‘பின்னுதல்’ பகுதியில் சொல்கிறபடி 26 கண்ணிகளில் (கண்ணி என்பது ஊசியில் நிற்கும் நூல் வளையம்) ஒரு மாதிரித் துண்டு பின்னி, அதன் நடுவில் 10 சென்ரிமீற்றருக்கு எத்தனை கண்ணிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு, நூல் உருண்டையின் தாளில் அச்சிட்டிருந்த எண்ணை நம்பி நான் பின்னிய முதல் தொப்பி, ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகனின் கண்ணை மூடிக்கொண்டு மூக்கில் வந்து நின்றது. என் கை தளர்வு என்பது தாளுக்குத் தெரியாதல்லவா?

10 சென்ரிமீற்றருக்கு 18 கண்ணிகள் வருகின்றன என்று வைப்போம். தலை 56 என்றால் தொப்பி 50, 50ஐ 1.8ஆல் பெருக்க 90. தலை 52 என்றால் ஏறத்தாழ 82. விடை எதுவானாலும் நான்கால் வகுத்து மீதி இரண்டு வரும் எண்ணுக்குக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள். காரணம் தைக்கும்போது விளங்கும்.

பின்னுதல்

சுருக்கு முடிச்சு ஒன்றை இடது ஊசியில் மாட்டி, அதனுள் வலது ஊசியை நுழைத்து நூலைச் சுற்றி இழுத்து, வரும் புதுக் கண்ணியை இடது ஊசியிலேயே மாட்டுங்கள். இப்படி 90 கண்ணிகள் ஏற்ற வேண்டும்.

நூல் ஊசிக்குப் பின்னால் இருக்க, கண்ணியின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக ஊசியை நுழைத்து, நூலைச் சுற்றி முன்னே இழுத்தெடுப்பது நேர்க்கண்ணி. நூல் முன்னால் இருக்க, ஊசியைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக நுழைத்து, நூலைச் சுற்றிப் பின்னே தள்ளுவது மறுகண்ணி. நிட், பேர்ள் என்று கடைகளில் சொல்வது இவற்றைத்தான்.

முதல் வரிசையில் இரண்டு நேர், இரண்டு மறு என்று மாறி மாறிப் பின்னி இரண்டு நேரில் முடியுங்கள். திருப்பியதும் இரண்டு மறுவில் தொடங்கி இரண்டு மறுவில் முடியும். பழகுவோர் பெரும்பாலும் தவறுவது ஓர் இடத்தில்தான்: நேரிலிருந்து மறுவுக்கு மாறும்போது, நூலை இரண்டு ஊசிகளுக்கும் இடையால் முன்னே கொண்டுவராமல் ஊசியின் மேலால் கொண்டுவந்தால், இல்லாத ஒரு கண்ணி முளைத்துவிடும். ஆகவே நான்கு வரிசைக்கு ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். 92 இருந்தால் இரண்டு இடத்தில் நூல் மேலால் போயிருக்கிறது.

25 சென்ரிமீற்றர் உயரம் வந்ததும் உச்சியைக் குறுக்க வேண்டும்.

வரிசை 1: நேர் இரண்டையும் வழக்கம்போல நேராகவே பின்னி, மறு இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பின்னுங்கள். 68 மிஞ்சும்.
வரிசை 2: தெரிகிறபடியே, அதாவது நேராகத் தெரிவதை நேராகவும் மறுவாகத் தெரிவதை மறுவாகவும் பின்னுங்கள்.
வரிசை 3: நேர் இரண்டையும் ஒன்றாகச் சேருங்கள். 45.
வரிசை 4: தெரிகிறபடியே.
வரிசை 5: இரண்டிரண்டாக நேரில் சேருங்கள், கடைசிக் கண்ணி தனித்து நிற்கும். 23.
வரிசை 6: அதையே மறுவில் செய்யுங்கள். 12.

60 சென்ரிமீற்றர் நீளம் விட்டு நூலை வெட்டி, மொட்டை ஊசியில் கோத்து, 12 கண்ணிகளுக்குள்ளும் செலுத்தி இறுக்கிக் கட்டுங்கள். அதே நூலால் பக்கத்தைத் தையுங்கள். இரு விளிம்பிலும் ஒவ்வொரு கண்ணி தையலுக்குள் போய்விட, எஞ்சும் ஒற்றை நேர்க்கண்ணிகள் இரண்டும் அருகருகே வந்து சோடியாகும். மீதி இரண்டு வேண்டும் என்றது இதற்காகத்தான். கீழ்ப்புற 6 சென்ரிமீற்றர் மடித்து அணியும் பகுதி என்பதால், அந்த இடத்தை மட்டும் உட்பக்கத்திலிருந்து தையுங்கள். மடிக்கும்போது தையல் மறைந்துவிடும்.

இது கைவந்துவிட்டால் விரல் மூடாத கையுறைக்கு 34 கண்ணிகளில் 18 சென்ரிமீற்றர் பின்னி, பெருவிரலுக்கு 5 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டுத் தைத்தால் போதும். கழுத்துச் சால்வைக்கு 38 கண்ணிகளில் 150 சென்ரிமீற்றர் வரை பின்னலாம். அலுப்பான வேலை, இரண்டு உருண்டைக்கு மேல் நூலும் வேண்டும்.

பின்னி முடிந்ததும் இளஞ்சூட்டு நீரில் அலசி, முறுக்காமல் துவாயில் சுருட்டி ஒற்றியெடுத்து, பன்பாயில் துவாய் விரித்து நிழலில் கிடத்தி உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீரின் பாரத்தில் நீண்டுவிடும். மாரி காலத்தில் உலர இரண்டு நாளுக்கு மேலும் எடுக்கலாம். மடிப்பின் உட்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, குளிர்ச்சி துளியும் தெரியாத பிறகே பொதி கட்டுங்கள்.