மைஎஸ்கியூஎல் 8.0: அப்கிரேடுக்குப் பிறகு சர்வர் எழவில்லையா?

மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 5.7 பதிப்புக்கான ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்துவிட்டது. அதன் பிறகும் தள்ளிப்போட்டவர்கள் பலர், கடைசியில் ஒரு ராத்திரி உட்கார்ந்து 8.0-க்கு ஏற்றுகிறார்கள். சர்வர் எழவில்லை. உடனே "க்ராஷ்" என்று பதற்றம்.

முதல் தவறு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பெரும்பாலும் சர்வர் விழுவதில்லை, கிளம்ப மறுக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. சர்வர் தன் பிழைகளை எழுதிவைக்கும் எரர் லாகில் "சிக்னல் 11" என்று வந்து, கீழே ஸ்டாக் ட்ரேஸ் (விழும்போது ஓடிக்கொண்டிருந்த ஃபங்ஷன்களின் பட்டியல்) நீண்டிருந்தால் அதுதான் நிஜமான க்ராஷ். "அன்நோன் வேரியபிள்" என்று ஒரு வரி வந்து "அபார்ட்டிங்" என்று முடிந்தால், பழைய கான்ஃபிக் ஃபைலில் உள்ள ஏதோ ஒன்று புதிய பதிப்புக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். 8.0-இல் க்வெரி கேச்சையே, அதாவது க்வெரிகளின் விடைகளைச் சேமித்துவைக்கும் வசதியையே, எடுத்துவிட்டார்கள். அதன் அளவைக் குறிக்கும் ஒரே ஒரு வரி கான்ஃபிகில் மிச்சமிருந்தால் போதும், சர்வர் எழாது. கான்ஃபிகில் எஸ்கியூஎல் மோட் என்ற அமைப்பில் "நோ ஆட்டோ க்ரியேட் யூசர்" இருந்தாலும் இதே கதிதான்.

இங்கேதான் அடுத்த தவறு. லாகைத் திறக்காமல் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் கொடுப்பது. லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியும் சில நேரம் தன் பங்குக்கு விடாமல் எழுப்பப் பார்க்கும். பத்து முயற்சிக்குப் பிறகு முதல் எரர் எங்கோ மேலே புதைந்துபோகும். சர்வீஸை நிறுத்திவிட்டு, லாகை முதல் முயற்சியிலிருந்து படியுங்கள். கடைசி வரியில் ஒன்றும் இருக்காது.

பெரிய ஆபத்து 5.7-ஐ நிறுத்தும் விதத்தில் இருக்கிறது. அவசரத்தில் கில் செய்துவிட்டு 8.0-ஐ ஏற்றினால், "க்ராஷுக்குப் பிறகு அப்கிரேட் செய்ய முடியாது" என்ற பொருளில் ஓர் எரர் வரும். பழைய ரீடோ லாகில் இன்னும் டேட்டா ஃபைலில் எழுதப்படாத மாற்றங்கள் இருக்கின்றன, புதிய பதிப்பால் அவற்றை மீட்க முடியாது. இந்த நேரத்தில் "ரீடோ லாக் ஃபைல்களை அழித்துவிடு, எழுந்துவிடும்" என்று யாராவது சொல்வார்கள். எழலாம்தான். ஆனால் அந்த மாற்றங்கள் போய்விடும், டேபிள்கள் கெட்டும் போகலாம். சரியான வழி கொஞ்சம் அலுப்பானது: அதே 5.7-ஐ மறுபடி நிறுவி, அதையே மீட்க விட்டு, ஃபாஸ்ட் ஷட்டவுன் மதிப்பை 0 ஆக்கி முறையாக நிறுத்திய பிறகு 8.0-க்குப் போவது.

இன்னொரு கெட்ட பழக்கம், டேட்டாவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபியின் ஃபோர்ஸ் ரெகவரியை (டேட்டா கெட்டிருந்தாலும் சர்வரை எழுப்பப் பார்க்கும் அமைப்பு) எடுத்த எடுப்பில் 6-இல் வைப்பது. 4-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ டேட்டா நிரந்தரமாகக் கெடலாம். டேட்டா டைரக்டரியை அப்படியே நகலெடுத்து, நகலின் மேல் 1-இலிருந்து ஒவ்வொன்றாக ஏறுங்கள். எழுந்ததும் டேட்டாவை டம்ப் எடுங்கள், அதாவது தனி ஃபைலாக வெளியே எடுத்துவையுங்கள். அந்த ஃபோர்ஸ் ரெகவரி வரியை கான்ஃபிகிலிருந்து நீக்க மறந்து, "ஏன் எதுவும் இன்சர்ட் ஆகவில்லை" என்று மறுநாள் தலையைச் சொறிபவர்களும் உண்டு.

எல்லாப் பழியும் நம் மேல் இல்லை. 2024 ஜூலையில் வந்த 8.0.38, 8.4.1, 9.0.0 மூன்றிலும், டேபிள்களின் எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டியிருந்தால் ரீஸ்டார்ட்டில் சர்வர் விழுந்தது. அடுத்து வந்த 8.0.39, 8.4.2, 9.0.1 ஆகியவற்றில்தான் சரியானது. கான்ஃபிகை எத்தனை முறை மாற்றினாலும் இதற்குப் பலன் கிடைத்திருக்காது. ஆகவே நிஜமான க்ராஷ் என்றால், உங்கள் பதிப்பின் கடைசி எண் வரை குறித்துக்கொண்டு, அடுத்த பதிப்பின் வெளியீட்டுக் குறிப்புகளைப் பாருங்கள்.

அப்புறம், அப்கிரேடுக்கு முன்பே பேக்கப் எடுத்துவையுங்கள். 8.0-க்கு மாறி முடித்த டேட்டா டைரக்டரியை 5.7 திரும்பப் படிக்காது. டேபிள்களின் விவரங்களை வைத்திருக்கும் டிக்‌ஷனரியின் அமைப்பே மாறியிருக்கும். பேக்கேஜை மட்டும் பழையதாக்கினால் திரும்பிவிடலாம் என்று நம்பி இறங்காதீர்கள். மைஎஸ்கியூஎல் ஷெல்லில் அப்கிரேட் செக்கர் என்று ஒன்று இருக்கிறது. 5.7 ஓடிக்கொண்டிருக்கும்போதே, கான்ஃபிக் ஃபைலின் பாதையையும் கொடுத்து அதை ஓட்டினால், மேலே சொன்ன நீக்கப்பட்ட வேரியபிள்களை அதுவே பட்டியலிட்டுவிடும்.