ஊரில் இருந்தபடி ஒன்லைனில் சமூகப்பணிப் பட்டம்: களப்பயிற்சியை முதலில் பாருங்கள்

விரிவுரை, ஒப்படை, பரீட்சை எல்லாம் ஒன்லைனில் முடியும். களப்பயிற்சி, அதாவது ஒரு அலுவலகத்திலோ இல்லத்திலோ நேரில் போய் மேற்பார்வையில் வேலை பழகுவது, முடியாது. அவிசாவளை, பாதுக்கைப் பக்கத் தோட்டத்திலோ கிராமத்திலோ இருந்து படிப்பவருக்கு உண்மையான சிக்கல் அதுதான். காசு கட்டுமுன் அதற்கு வழி பாருங்கள்.

படி 1: பட்டம் செல்லுமா?
இந்நாட்டில் சமூகப்பணிக் கல்விக்கென 1952இல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம். அங்கு போய்ப் படிக்க வசதியில்லாமல் வெளிநாட்டு ஒன்லைன் பட்டத்தைத் தேர்ந்தால், அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதா என்று கொழும்பு 7, வாட் பிளேஸிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். முகவரின் வாய்ச்சொல் போதாது. சமூகவியல் வேறு, சமூகப்பணி வேறு. சான்றிதழில் எந்தப் பெயர் வரும் என்பதையும் கேட்டு வையுங்கள்.

படி 2: மணிக்கணக்கு
அமெரிக்கத் தரப்படி இளமாணிக்குக் குறைந்தது 400 மணிநேரக் களப்பயிற்சி, முதுமாணிக்கு 900. நாளுக்கு 8 மணிநேரமாக வாரம் இரண்டு நாள் போனால் 400 மணிநேரத்துக்கு 25 வாரம். வேலைக்குப் போகிறவரால் ஒரு நாள்தான் முடியும் என்றால் 50 வாரம். சனி, ஞாயிறில் பிரதேச செயலகம் பூட்டியிருக்கும். முதியோர் இல்லமும் சிறுவர் இல்லமும் இயங்கும். வார இறுதி நேரத்தைக் கணக்கில் எடுப்பார்களா என்று பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே கேளுங்கள்.

படி 3: இடமும் மேற்பார்வையாளரும்
சொந்த ஊரில் பயிற்சி வேண்டாம். வீடு சீதாவாக்கைப் பிரிவில் என்றால் பாதுக்கைப் பிரிவில் இடம் தேடுங்கள். உங்கள் மாமியின் குடும்பச் சண்டையை நீங்களே விசாரிக்கும் நிலை வந்தால் உறவும் கெடும், பயிற்சியும் கெடும். அனுமதிக் கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் கொடுத்தால் அலுவலகத்தில் கோப்பு விரைவாக நகரும். அங்கே சமூகப்பணி படித்த மேற்பார்வையாளர் இல்லாமல் போகலாம். அப்படியானால் வாரம் ஒரு மணிநேரம் சூமில் மேற்பார்வை செய்ய ஒருவரைத் தருவார்களா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

படி 4: களப்பயிற்சிக் குறிப்பு எழுதுதல்
புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். பெயரை நீக்கிவிட்டு, "மூன்றாம் லயத்தில், கணவன் கட்டாரில் இருக்கும் பெண்" என்று எழுதுகிறார்கள். நகரத்தில் அது யாரோ ஒருவர். தோட்டத்தில் அது ஒரே ஒருவர். "பெண், 30-40 வயது, துணைவர் தொலைவில்" என்பது போதும். பக்கத்தை நான்கு நிரலாகப் பிரியுங்கள்: பேசியது, கவனித்தது, உங்கள் மனதில் எழுந்தது, மேற்பார்வையாளர் கருத்து. மூன்றாவது நிரலை வெறுமையாக விடாதீர்கள். மேற்பார்வை நேரத்தில் பேசப்போவது அதைத்தான். குறிப்பை வீட்டார் எல்லோரும் பாவிக்கும் போனில் வைக்க வேண்டாம். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் அடுத்த வகுப்புவரை காத்திராமல் அன்றே மேற்பார்வையாளருக்கும் 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கும் சொல்லுங்கள்.

படி 5: சிக்னலும் நேரமும்
வீடியோவுடன் ஒரு மணிநேர சூம் வகுப்பு 1 ஜீபி அளவு டேட்டா தின்னும். வீடியோவை அணைத்துக் குரலை மட்டும் விடுங்கள். விரிவுரைப் பதிவுகளை இரவு டேட்டாவில் இறக்குங்கள். ஒப்படைக்கான கடைசி நேரம் எந்த நாட்டு நேரம் என்று பாருங்கள்: லண்டனில் நள்ளிரவு என்றால் நமக்குக் குளிர்காலத்தில் காலை 5.30, கோடையில் 4.30. மழைக்காலத்தில் கரண்ட் போனால் டவரும் போகலாம், அதனால் முதல் நாளே அனுப்பிவிடுங்கள்.