பூனையோடு டொரன்டோ வருகிறவர்களுக்கு

கனடா பூனைகளைத் தனிமைக் கூடத்தில் அடைத்து வைப்பதில்லை. தாள்கள் சரியாக இருந்தால், சென்னையில் ஏறிய பூனை டொரன்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் இறங்கிய அன்றே உங்களோடு வீட்டுக்கு வந்துவிடும். ஆஸ்திரேலியா போகிறவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. இந்தியாவிலிருந்து நேராக அங்கே பூனையைக் கொண்டுபோகவே முடியாது. ஆகவே இங்கு வருகிறவர்களுக்குத் தாள் வேலை சின்ன வேலைதான். அழைப்பு மணி அடித்தாலே பீரோவுக்கு அடியில் புகுந்துகொள்கிற பூனையை ஒரு நாளுக்கு மேல் ஒரு பைக்குள் வைத்துக் கொண்டுவருவதும், வந்தபின் அதைச் சாப்பிட வைப்பதும்தான் பெரிய வேலை.

தாள்களை முதலில் முடித்துவிடுவோம். மூன்று மாதம் நிறைந்த பூனைக்கு ரேபீஸ் தடுப்பூசிச் சான்று கட்டாயம். அது ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்க வேண்டும். பூனையின் இனம், நிறம், எடை, ஊசி போட்ட தேதி, மருந்தின் வணிகப் பெயர், வரிசை எண், எத்தனை காலம் செல்லும் என்பது, மருத்துவரின் கையெழுத்து எல்லாம் அதில் வேண்டும். நம் ஊர் தடுப்பூசிப் புத்தகத்தில் பெரும்பாலும் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரை ஒட்டி ஒரு கையெழுத்து போட்டுத் தருவார்கள். அதை நம்பி வராமல் லெட்டர்ஹெட்டில் தனிச் சான்றாக எழுதி வாங்குங்கள். தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் கட்டாயமில்லை, ஆனாலும் போட்டுவிடுங்கள். 15 இலக்க ஐஎஸ்ஓ தர சிப்பை இங்குள்ள கருவிகளும் படிக்கும். இந்தியாவை விட்டுக் கிளம்ப மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் சான்று வேண்டும். சென்னைக்காரர்களுக்கு அது பள்ளிக்கரணையில் இருக்கிறது.

டிக்கெட் போடும் முன் கேபினில் பூனைக்கு இடம் உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒரு விமானத்துக்கு இத்தனை பிராணி என்று கணக்கு உண்டு. வளைகுடா நிறுவனங்கள் சிலவற்றில் பூனை சரக்குப் பகுதியில்தான் போகும். ஜெர்மன் விமான நிறுவனமான லுஃப்தான்சாவில் பையும் பூனையும் சேர்த்து 8 கிலோ, பையின் அளவு 55 x 40 x 23 செ.மீ. வரை. இரண்டு கட்டப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள், நடுவில் விமான நிலையத்தை விட்டு வெளியேறாதீர்கள். இந்தியப் பூனை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைவதென்றால் ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு மூன்று மாதக் காத்திருப்பு என்று வேறு கதை தொடங்கிவிடும்.

பை: ஆறு வாரம் முன்பே

பயண நாள் காலையில் பரணிலிருந்து பையை இறக்கிப் பூனையை உள்ளே திணிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பூனைக்குத் தெரிந்தவரை அந்தப் பை வந்தால் ஊசி. அதனால் பையை முன்கூட்டியே எடுத்து, பழைய ஊசி நாளின் வாசனை போகச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். பினாயில், டெட்டால் பக்கம் போக வேண்டாம். பூனையின் கல்லீரலால் அவற்றை உடைத்து வெளியேற்ற முடியாது, பாதத்தில் பட்டதை நக்கினாலே ஆபத்து.

பிறகு ஹாலில் ஒரு மூலையில் பையை வைத்து, அதன் கதவைத் திறந்து கட்டிவிட்டு, உள்ளே துவைக்காத பழைய லுங்கியோ நைட்டியோ விரித்து வையுங்கள். முதல் வாரம் சாப்பாட்டுத் தட்டு பைக்குப் பக்கத்தில். அடுத்து வாசலில். அதற்கடுத்து உள்ளே கடைசியில். பூனை உள்ளே நின்று நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் ஜிப்பில் கை வைக்க வேண்டும்: முதலில் பத்து விநாடி மூடித் திறக்க, பிறகு ஒரு நிமிடம், ஐந்து நிமிடம். அதன் பிறகு தூக்கி நடப்பது, மாடிப்படி இறங்குவது, ஆட்டோவில் ஒரு சுற்று. ஒரு படியில் பூனை மிரண்டால் முந்தின படிக்குத் திரும்புங்கள். அவசரப்பட்டு ஒரு நாள் தாண்டினால் ஒரு வாரம் பின்னால் போகும்.

கூடவே மார்பையும் வயிற்றையும் சுற்றி வரும் ஜாக்கெட் மாதிரியான ஹார்னஸ் ஒன்றைப் பழக்குங்கள். மெல்லிய பட்டி வேண்டாம். பயந்த பூனை பின்னோக்கி இழுத்து அதிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடும். உடம்புக்கும் துணிக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இறுக்கம் போதும்.

மருந்து

மிகவும் பயப்படும் பூனைக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதுவது கேபாபென்டின். சராசரி எடையுள்ள பூனைக்குப் பொதுவாக 50 முதல் 100 மில்லிகிராம், கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு. அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். சிறுநீரகக் கோளாறுள்ள பூனைக்குக் குறைக்க வேண்டியிருக்கும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். சிறிது தள்ளாடும், தூங்கும். அது சாதாரணம். வழியில் இரண்டாம் முறை எப்போது கொடுப்பது என்பதையும் நேரம் போட்டு எழுதி வாங்குங்கள். அசிப்ரோமசின் போன்ற மயக்க மருந்தை யாராவது சிபாரிசு செய்தால் மறுத்துவிடுங்கள். உடம்பு அசையாது, பயம் அப்படியே இருக்கும், ரத்த அழுத்தமும் விழும். பாராசிட்டமால் மாத்திரை எந்தப் பெயரில் வந்தாலும் பூனைக்கு விஷம். கால் மாத்திரை என்றாலும் கூடாது.

விமான நிலையத்தில்

கடைசிச் சாப்பாடு கிளம்புவதற்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்பு. தண்ணீரை நிறுத்த வேண்டாம். பையின் அடியில் உறிஞ்சும் பேட் ஒன்று, கைப்பையில் இன்னும் நான்கு, அழுக்கைப் போட ஜிப் உறைகள், ஒரு மடக்குத் தட்டு, கடையில் விற்கும் பூனை மணல் (கேட் லிட்டர்) இரண்டு பிடி.

பூனை தப்பி ஓடுகிற இடம் பாதுகாப்புச் சோதனை. பை எக்ஸ்ரேக்குள் போக வேண்டும், பூனை போகக்கூடாது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு நீங்கள் நடக்க வேண்டும். சுற்றிலும் தட்டுகள் மோதும் சத்தம், பின்னால் நிற்பவர்களின் அவசரம். இதைத் தவிர்க்கத் தனி அறையில் சோதனை செய்யும்படி கேளுங்கள். வரிசையில் நிற்கும்போதே கேட்க வேண்டும், பெல்ட்டருகே போய்க் கேட்டால் எரிச்சல்தான் கிடைக்கும். தனி அறை கிடைக்காவிட்டால் ஹார்னஸ் மாட்டியபடி, கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி, பூனையின் முகத்தை உங்கள் அக்குளுக்குள் புதைத்து, ஒரு கையால் பின்னங்கால்களைச் சேர்த்துப் பிடியுங்கள். பின்னங்கால் உதைக்க இடம் கிடைக்காத பூனையால் தாவ முடியாது. மடிக்கணினியையும் செருப்பையும் கூட வருகிறவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இடைநிறுத்தத்தில் சக்கர நாற்காலிக்காரர்களுக்கான தனிக் கழிப்பறையைத் தேடுங்கள். அதில் தரை வரை கதவு இருக்கும். பூட்டிவிட்டு, தட்டில் மணலைக் கொட்டி, பையைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா உட்காருங்கள். போகாவிட்டால் பரவாயில்லை. பயந்த பூனை ஒரு நாள் வரை அடக்கிக்கொள்வதுண்டு. விமானத்துக்குள் அது எப்படிக் கத்தினாலும் இருக்கையில் வைத்துப் பையைத் திறக்காதீர்கள்.

பியர்சனில் எல்லை அதிகாரியிடம் பூனை இருப்பதைச் சொல்லிவிடுங்கள். தாளைப் பார்ப்பார்கள், சோதனைக் கட்டணம் வாங்குவார்கள். இந்தியப் பூனை உணவுப் பொட்டலத்தைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவராதீர்கள். 'நம் வீட்டு மண் இருந்தால் அதில் போகும்' என்று மண் கொண்டுவரவும் கூடாது. மண்ணுக்கு இங்கே அனுமதியே இல்லை. கொண்டுவர வேண்டியது துவைக்காத அந்த லுங்கியைத்தான். அதையும் ரசகற்பூர உருண்டை போட்ட பெட்டியில் வைக்காதீர்கள். அந்த உருண்டை பூனைக்கு விஷம்.

முதல் அறை

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஸ்கார்பரோவிலோ பிராம்ப்டனிலோ ஒரு பேஸ்மென்ட்டில்தான், அதாவது வீட்டின் தரைக்குக் கீழே உள்ள தளத்தில்தான், இறங்குகிறார்கள். பேஸ்மென்ட் பூனை ஒளிவதற்கென்றே கட்டியது போலிருக்கும். மேலே ஓடுகள் பதித்த தொங்கு கூரை. அலமாரி மேல் ஏறி அந்த ஓடுகளில் ஒன்றை முட்டினால் போதும், பூனை கூரைக்குள் போய்விடும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருக்கும் அறையின் கதவுக்கடியில் இடைவெளி இருக்கும். தரையில் சூடான காற்று வரும் துவாரத்தின் மூடி பெரும்பாலும் திருகு போடாமல் சும்மா வைத்திருப்பார்கள். துணி உலர்த்தும் டிரையர் வெதுவெதுப்பாக இருப்பதால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் உள்ளே கைவிட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும்.

இதனால் முழு வீட்டையும் பூனையிடம் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு படுக்கையறை, கதவு சாத்தியபடி. துவாரங்களுக்கு டேப் அல்லது கனமான சாமான். கட்டிலுக்கு அடியை அட்டைப் பெட்டிகளால் அடைத்துவிட்டு, ஒளிய நீங்களே ஓர் இடம் கொடுங்கள்: பக்கவாட்டில் துளை போட்ட அட்டைப் பெட்டி, அதன் மேல் போர்வை. ஒளியவே இடமில்லாத பூனை இன்னும் மிரளும். கைக்கெட்டாத இடத்தில் ஒளிந்த பூனையை மருத்துவரிடம் தூக்கிப்போக முடியாது. இந்த அட்டைப் பெட்டி அந்த இரண்டு நிலைக்கும் நடுவழி. வந்த பையையும் திறந்தபடி அங்கேயே விடுங்கள்.

மணல் தட்டு ஒரு மூலையில், சாப்பாடும் தண்ணீரும் எதிர் மூலையில். தட்டின் நீளம் பூனையின் உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு. கடையில் விற்கும் தட்டு சிறிது, கட்டிலடியில் வைக்கும் பிளாஸ்டிக் பெட்டியை வாங்கினால் மலிவும் கூட. மணல் ஐந்து முதல் ஏழு செ.மீ. ஆழம், வாசனை சேர்க்காத, கட்டியாகும் வகை. தோட்டத்து மண்ணுக்குப் பழகிய பூனை பெரிய பருக்கையை மிதிக்காது, பொடி மணலை ஏற்கும்.

பூனையிடம் போகாதீர்கள். அறையில் தரையில் உட்கார்ந்து, அதைப் பார்க்காமல், ஊருக்குப் போனில் பேசுங்கள். குரல் பழகும். குழந்தைகளுக்கும் இதே விதி. வந்த முதல் வார இறுதியில் சொந்தக்காரர்கள் திரண்டு வருவார்கள். 'பூனை எங்கே, காட்டு' என்று அத்தையோ சித்தப்பாவோ கேட்டால் தூங்குகிறது என்று சொல்லிவிடுங்கள். உண்மையும் அதுதான்: இங்கும் சென்னைக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். பகலில் தூங்கும், இரவு மூன்று மணிக்குக் கத்தும். படுக்கும் முன் கால் மணி நேரம் கயிற்றில் கட்டிய இறகை ஆட்டி விளையாடவிட்டு, உடனே சாப்பாடு கொடுத்தால் சில நாட்களில் சரியாகும்.

முதல் நாள் சாப்பிடாமல் இருப்பது வழக்கம். 24 மணி நேரம் ஒன்றும் தொடவில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள். பட்டினி நீண்டால் உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேரும், குண்டுப் பூனைக்குச் சீக்கிரம். ஈர உணவைச் சிறிது வெதுவெதுப்பாக்கினால் வாசனை எழும், மூக்கு வழியாகத்தான் பூனைக்குப் பசி. தயிர்சாதமும் மீனும் சாப்பிட்டு வளர்ந்த பூனைக்கு, உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த மீனை இங்கத்திய உணவில் கலந்து, ஏழு முதல் பத்து நாளில் மீனைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். குழம்பு மீன் கூடாது, வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களை உடைக்கும். ஆண் பூனை அடிக்கடி மணல் தட்டில் போய் முக்கி, சொட்டுச் சொட்டாக வந்தாலோ எதுவும் வராவிட்டாலோ விடியும்வரை காத்திருக்கக்கூடாது. பயம் தூண்டும் மூத்திர அடைப்பு அது. ஒரு நாள் தாமதம் உயிரை எடுத்துவிடும். இரவு திறந்திருக்கும் அவசர மருத்துவமனையின் எண்ணை வந்த அன்றே எழுதி ஒட்டுங்கள். செலவு ஆயிரக்கணக்கான டாலரில் போகும், அதனால் காப்பீட்டை நோய் வரும் முன்பே எடுக்க வேண்டும்.

பூனை வாலை நிமிர்த்தி அறைக்குள் நடந்து, நீங்கள் இருக்கும்போதே சாப்பிட்டு, மணல் தட்டில் ஒழுங்காகப் போனால் கதவைத் திறக்கலாம். சிலதற்கு மூன்று நாள், சிலதற்கு மூன்று வாரம். ஒரு நாளைக்கு ஓர் அறை. சாம்பிராணிப் புகை, கற்பூரம், யூகலிப்டஸ் தைலம் இவை பூனை இருக்கும் அறையில் வேண்டாம். ஈஸ்டர் சமயத்தில் கடைகளில் நிறைந்திருக்கும் லில்லிப் பூவை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். மகரந்தம் ஒட்டிய ரோமத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும்.

வாடகை, உரிமம்

டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில், வாடகை ஒப்பந்தத்தில் 'பிராணிகள் கூடாது' என்று எழுதினாலும் அந்த வரி செல்லாது. ஆனால் ஒப்பந்தம் போடும் முன் வீட்டுக்காரர் உங்களை வேண்டாம் என்று சொல்லலாம், கான்டோ என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பின் சொந்த விதிகள் தடை செய்திருந்தால் அது செல்லும். பேஸ்மென்ட் எடுக்கும்போது மேல்மாடிக்காரர்களுக்குப் பூனை ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிடுவது பின்னால் வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும். டொரன்டோ நகருக்குள் பூனைக்கு உரிமம் வாங்க வேண்டும். ரேபீஸ் ஊசியையும் தவறாமல் தொடர வேண்டும், அது மாகாணச் சட்டம்.

ஓடிவிட்டால்

வலைச் சன்னல்களை விரலால் அழுத்திப் பாருங்கள், பழைய வீடுகளில் சட்டத்தோடு கழன்று வரும். அப்படியும் வெளியே போய்விட்டால், புது இடத்தில் பயந்த பூனை தூரம் ஓடாது. பெரும்பாலும் நான்கைந்து வீட்டுக்குள், வீட்டை ஒட்டிய ஒரு மரத் திண்ணைக்கு (டெக்) அடியிலோ புதருக்குள்ளோ, கூப்பிட்டாலும் பதில் தராமல் ஒடுங்கிக் கிடக்கும். பெயரைக் கத்திக்கொண்டு தெருத்தெருவாக நடப்பதில் பயனில்லை. மணல் தட்டை வெளியே வைக்கச் சொல்வார்கள். அது அக்கம்பக்கத்துப் பூனைகளை வரவழைத்து உங்கள் பூனையை இன்னும் உள்ளே தள்ளும். அந்த லுங்கியை வாசலில் போட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அனுமதி கேட்டு, இரவு ஒரு மணிக்குமேல் டார்ச்சைக் கண் உயரத்தில் பிடித்துக்கொண்டு குனிந்து தேடுங்கள். கண்கள் பச்சையாக மின்னும். கண்டதும் பாய்ந்து பிடிக்கப் போகாதீர்கள். தரையில் உட்கார்ந்து மீனைப் பிரித்து வையுங்கள். மைக்ரோசிப் பதிவில் இன்னும் சென்னைத் தொலைபேசி எண் இருந்தால், அதை மாற்ற வேண்டியது கனடா சிம் வாங்கிய அன்று.