குரூகர் பூங்காவில் பறவைகளையும் விலங்குகளையும் காண

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் 500-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ளன. சொந்தக் காரையோ வாடகைக் காரையோ நாமே ஓட்டிச் சென்று பார்க்கலாம் என்பது இதன் பெருஞ்சிறப்பு.

எதைக் காண விரும்புகிறோமோ அதற்கேற்ற மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை புல் காய்ந்து, விலங்குகள் எஞ்சிய நீர்நிலைகளை நாடி வருவதால், சிங்கத்தையும் யானையையும் எளிதில் காணலாம். பறவைகளுக்கோ நவம்பர் முதல் மார்ச் வரையிலான மழைக்காலமே ஏற்றது. நம் ஊர்ப் பனங்காடையின் நெருங்கிய உறவான ஐரோப்பியப் பனங்காடையும், காட்டு மீன்கொத்தியும் அப்போதுதான் வலசை வருகின்றன. மலேரியா அபாயமும் அப்போதே கூடுதல் என்பதால், புறப்படும் முன் மருத்துவரிடம் தடுப்பு மாத்திரை குறித்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாயில் திறந்தவுடன் உள்ளே சென்றுவிடுங்கள். தார்ச்சாலையில் 50, மண்சாலையில் 40 கிலோமீட்டர் வரை வேகம் அனுமதிக்கப்பட்டாலும், அதில் பாதி வேகத்தில் சென்றால்தான் கிளைகளுக்கிடையே அமர்ந்திருப்பவை கண்ணில் படும். 8x42 அளவுள்ள (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முகப்பு வில்லை கொண்ட) பைனாகுலர் போதுமானது. குறிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரைவிட்டு இறங்கக் கூடாது.

சிங்கத்தைத் தேடிச் சாலை சாலையாக அலைவதைவிட, லோயர் சாபி முகாமுக்கு அருகிலுள்ள சன்செட் அணையில் எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் காத்திருப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து. நீர்யானை, முதலை, நாரை, கொக்கு என அனைத்தும் அங்கே கரைக்கு அருகிலேயே காணக் கிடைக்கும். பிற விலங்குகளின் நடத்தையையும் கவனியுங்கள்: ஒட்டகச்சிவிங்கிகள் ஒரே திசையில் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாலும், இம்பாலா மான்கள் ஓயாமல் எச்சரிக்கைக் குரல் எழுப்பினாலும், அருகில் வேட்டை விலங்கு இருக்கக்கூடும். ஆனால் விடியற்காலையில் மரத்தில் அமர்ந்திருக்கும் பாறு கழுகுகளைக் கண்டவுடன் கீழே இரை கிடப்பதாக எண்ண வேண்டாம். வெயிலேறி வெப்பக்காற்று மேலெழும்வரை அவை அங்கேயே தங்கியிருப்பது வழக்கம்.

கன்னத்தில் மதநீர் வழிய, தனித்து வரும் ஆண் யானை எதிர்ப்பட்டால், ஹாரன் அடிக்காமல் மெதுவாகப் பின்னோக்கி நகர்ந்து வழிவிடுங்கள்.

தரை இருவாச்சிகள் கூட்டமாகச் சாலையோரம் நடந்து இரை தேடும். இரண்டு முட்டைகள் இட்டாலும் ஒரு குஞ்சையே வளர்க்கும் இப்பறவைகளின் எண்ணிக்கை மிக மெதுவாகவே பெருகுகிறது என்பதால், அவற்றுக்கு உணவிடாமலும், படத்துக்காக நெருங்கித் துரத்தாமலும், தூரத்திலேயே நிறுத்தி அவை கடந்து செல்லும்வரை காத்திருங்கள்.