636701-ஐ உடைத்துப் பார்ப்பது எப்படி?

தருமபுரியில் தபால் பிரிக்கும் வேலையில் இருந்தவரை 636701 என்ற பின்கோடை ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. ஓய்வு பெற்ற அப்புறம் பேத்திதான் கேட்டாள்: "தாத்தா, இது பகா எண்ணா?" திண்ணையில் சாக்பீஸோடு உட்கார்ந்து நாங்கள் கண்டுபிடித்த விதத்தை அப்படியே எழுதுகிறேன். கால்குலேட்டர் வேண்டாம்.

முதலில் எல்லை. 798 × 798 = 636804, நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஆகவே 797 வரையுள்ள பகா எண்களைச் சோதித்தாலே போதும். 2, 3, 5 மூன்றும் பார்த்தவுடனேயே கழிந்துவிடும்: ஒற்றைப்படை எண், இலக்கங்களின் கூட்டுத்தொகை 23, கடைசி இலக்கம் 1.

7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் முடிக்கலாம். எண்ணை மும்மூன்று இலக்கமாகப் பிரித்துக் கழியுங்கள்: 701 − 636 = 65. மூன்றையும் பெருக்கினால் 1001 வருவதால், அவற்றில் எது 65-ஐ வகுக்கிறதோ அதுவே முழு எண்ணையும் வகுக்கும். 65 என்பது 5 × 13. ஆக 13 மட்டும் வகுக்கும். வகுத்தால் 48977.

அடுத்து 17. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கடைசி இலக்கத்தை 5-ஆல் பெருக்கி, மிச்சமுள்ள எண்ணிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள்.

4897 − 35 = 4862
486 − 10 = 476
47 − 30 = 17

17-லேயே வந்து நின்றது! காரணம் இதுதான்: 48977-இலிருந்து 7 × 51, அதாவது 357 போனால் 48620. கடைசிப் பூஜ்யத்தை எடுத்துவிட்டால் 4862. 51 என்பது 17 × 3 ஆகையால், கழித்ததால் 17-இன் வகுபடும் தன்மை கெடுவதில்லை. பேத்திக்கு இது புரிந்ததும் தெருவில் நின்ற வண்டி நம்பரையெல்லாம் 17-க்குச் சோதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

48977 ÷ 17 = 2881. எல்லையும் இப்போது 53-க்குச் சுருங்கிவிட்டது. ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கலாம். 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் சொன்ன வழி அதைவிடச் சுருக்கம். 2881-க்குச் சற்று மேலே உள்ள வர்க்கங்களிலிருந்து அதைக் கழியுங்கள். 54-இன் வர்க்கம் 2916. மீதி 35, வர்க்கமல்ல. 55-இன் வர்க்கம் 3025. மீதி 144, அது 12-இன் வர்க்கம். இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் என்பது அந்த எண்களின் வித்தியாசத்தையும் கூட்டுத்தொகையையும் பெருக்கியது. எனவே 55 − 12 = 43, 55 + 12 = 67; 2881 = 43 × 67.

636701 = 13 × 17 × 43 × 67. நான்கும் வெவ்வேறு பகா எண்கள். ஆகவே மொத்தம் 16 காரணிகள்.

2004 வரை எங்கள் மாவட்டத்துக்குள் இருந்த கிருஷ்ணகிரியின் 635001-ஐயும் விடவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் 1700, அதாவது 17 × 100. அப்படியானால் அதிலும் 17 இருந்தே ஆக வேண்டும்! இலக்கங்களின் கூட்டுத்தொகை 15, எனவே 3-உம் உண்டு. மிச்சம் 12451. அதற்குக் குறுக்குவழி எதுவும் கைகொடுக்கவில்லை; 109 வரை ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்தோம். எதுவும் வகுக்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் பேத்தி அதைச் சுற்றி வட்டம் போட்டு "பகா எண்" என்று எழுதினாள்.