மண்பாண்டத்தை உள்ளங்கையால் பார்ப்பது எப்படி?

வில்லியனூரில் மண்பாண்டம் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்க்கிறார்கள். நீங்கள் முதலில் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

பானையை இரண்டு கைகளாலும் தூக்குங்கள். எதற்கானது, என்ன விலை என்று கேட்பதற்கு முன்பே, மனத்தில் வந்ததை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். கேட்ட பிறகு எழுதினால் அது கடைக்காரர் கொடுத்த நினைவாகிவிடும்.

பிறகு வாய், கழுத்து, தோள், வயிறு என்று தடவிக்கொண்டே இறங்குங்கள். அடிப்பாகத்தில் அவசரப்படாதீர்கள். சக்கரத்திலிருந்து அறுத்தெடுக்கும்போது உருண்டைப் பானைக்கு அடி இருக்காது. உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே மரக்கட்டையால் தட்டித் தட்டித்தான் குயவர் அதை மூடுகிறார். அந்தத் தட்டல்கள் மெல்லிய மேடுபள்ளமாக விரலுக்குத் தெரியும். அச்சில் செய்த பானையில் இது கிடைக்காது; அதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

வெயிலில் வைத்த பானையின் அடியைத் தொட்டால் எனக்குத் தம்பியின் தலை நினைவுக்கு வரும். திருவந்திபுரத்தில் முடியிறக்கிச் சந்தனம் பூசிய தலை. கடலூர் திரும்பும் பஸ்ஸில் என் மடியில் தூங்கிவிட்டான். காய்ந்த சந்தனம் பொருக்காக வெடித்திருந்தது; அதன் அடியில் இளஞ்சூடு. அவன் விழித்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் கையை எடுக்காமல் இருந்தேன்.

புதுச்சேரியில் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையின் வகைக் கிண்ணங்கள் மெருகு பூசியவை. அவற்றைக் கவிழ்த்து, மெருகு படாத அடிவளையத்தைத் தொடுங்கள். மண் அங்கேதான் பேசும்.

அருங்காட்சியகம் போலத் தொட முடியாத இடத்தில் கண்ணையே விரலாக்க வேண்டும். புதுச்சேரிக்கு அருகே பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்தபோது கிடைத்த தட்டுகளில் ஒரு வகைக்கு உட்புற அடிப்பகுதியில் நுண்ணிய புள்ளி வளையங்கள் உண்டு. அவற்றைப் பார்த்ததும், தையற்காரரான அப்பா துணியில் கோடு பதிக்க உருட்டும் பல்சக்கரத்தின் ஓசை எனக்குக் கேட்டது. இரண்டாயிரம் ஆண்டு பழைய தட்டுக்கு இது பொருந்துமா என்று தயங்காதீர்கள். வந்தது எதுவோ அதையே எழுதுங்கள்.

கடைசியாக, அதே பானையை உங்கள் வீட்டில் இன்னொருவர் கையில் கொடுங்கள். நீங்கள் எழுதியதைச் சொல்லாதீர்கள். நான் தம்பியிடம் கொடுத்தேன். அவன் அடியைத் தொடவே இல்லை. விளிம்பில் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "அப்பாவின் தையல் மேசை ஓரம்" என்றான்.