மெடிகேர் இரண்டாவதாகக் கட்டும்போது: பிரிவு 111 அறிக்கை அனுப்புவது எப்படி?

அமெரிக்காவில் 65 வயது தாண்டியும் வேலை பார்ப்பவருக்குப் பெரும்பாலும் இரண்டு காப்பீடு இருக்கும்: கம்பெனித் திட்டம், அரசின் மெடிகேர். கம்பெனியில் 20 பேராவது வேலை பார்த்தால் மருத்துவமனை பில்லைக் கம்பெனித் திட்டம்தான் முதலில் கட்ட வேண்டும். மெடிகேர் அதற்கு அப்புறம்தான். யாருக்கு எந்தக் கம்பெனித் திட்டம் இருக்கிறது என்பது மெடிகேருக்குத் தெரிய வேண்டுமே! அதற்கு வழி செய்வதுதான் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 111-ஆவது பிரிவு. இந்த டேட்டா வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு இதோ செய்முறை.

1. அனுப்புவது யார்?
காப்பீட்டு நிறுவனம், அல்லது கம்பெனிக்காகத் திட்டத்தை நிர்வகிக்கும் வெளி நிறுவனம் (டிபிஏ). சொந்தப் பணத்தில் திட்டம் வைத்து, தானே நிர்வகிக்கும் கம்பெனி என்றால் அதுவே அனுப்ப வேண்டும்.

2. பதிவு
மெடிகேரை நடத்தும் அரசு அமைப்பான சிஎம்எஸ்-இன் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். கையெழுத்திடும் அதிகாரியும் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். சோதனைக் கோப்பு தேறிய பிறகுதான் உண்மையான கோப்பு.

3. பட்டியல்
பணியில் இருப்பதால் காப்பீடு பெறுபவர்களில் 45 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோரும், அவர்களின் துணைவர்கள் உட்பட. உடல் ஊனத்தாலும் சிறுநீரகச் செயலிழப்பாலும் 65-க்கு முன்பே மெடிகேர் கிடைக்கும் என்பதால்தான் இவ்வளவு கீழே போகிறார்கள். 45-க்கும் கீழே யாருக்காவது மெடிகேர் இருப்பது தெரிந்தால் அவரும் உண்டு.

4. கம்பெனி அளவு
தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். கோப்பில் போட வேண்டிய எண்: 19 பேர் வரை 0, 20 முதல் 99 வரை 1, 100-ம் அதற்கு மேலும் 2. எண்ண வேண்டியது திட்டத்தில் சேர்ந்தவர்களை அல்ல, சம்பளப் பட்டியலில் இருப்பவர்களை. பகுதிநேர ஆட்களும் கணக்கில் உண்டு. திட்டத்தில் 14 பேர், சம்பளப் பட்டியலில் 26 பேர் என்றால் 1 போடுங்கள். 0 போட்டால் மெடிகேர் முதலில் கட்டிவிடும்; பிற்பாடு அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வரும். இந்த ஆண்டிலோ போன ஆண்டிலோ 20 வாரம் 20 பேர் இருந்திருந்தாலே போதும், நடுவில் ஆள் குறைந்தாலும் விதி பொருந்தும்.

ஊனத்தால் மெடிகேர் பெறுபவருக்கு வரம்பு 100 பேர். சிறுநீரக நோயாளிக்குக் கணக்கே வேறு: கம்பெனி சின்னதோ பெரியதோ, முதல் 30 மாதம் கம்பெனித் திட்டமே முதலில் கட்டும்.

5. முடிவுத் தேதி
67 வயதுக்காரர் மார்ச் 31-இல் ஓய்வு பெறுகிறார்; கம்பெனி காப்பீட்டை நிறுத்தவில்லை. காப்பீடு தொடர்கிறதே என்று தேதியைக் காலியாக விடாதீர்கள். பணியோடு சேர்ந்த காப்பீடு அன்றோடு முடிந்தது. மார்ச் 31 என்று போட்டுத் திருத்தம் அனுப்புங்கள். இல்லையென்றால் ஏப்ரல் பில் அங்குமிங்கும் அலையும்.

6. அனுப்பிய பிறகு
காலாண்டுக்கு ஒரு முறை கோப்பு போகும். ஆளுக்கு ஒரு குறியீட்டோடு பதில் கோப்பு திரும்பி வரும். 01 என்றால் சரி. எஸ்பி என்றால் பிழை, திருத்தி அனுப்பவும். ஓராண்டுக்கு மேல் தாமதமானால் ஆளுக்கு நாளொன்றுக்கு 1,000 டாலர் அபராதம் என்கிறது சட்டம். பணவீக்கத்துக்கு ஏற்ப அதுவும் ஏறும். 51 வந்தால் அந்த நபர் மெடிகேரில் இல்லை என்று பொருள். அடுத்த காலாண்டிலும் அவரைச் சேர்த்தே அனுப்புங்கள், இடையில் 65 ஆகியிருக்கலாம்.